கடலில் காட்டிய வீரத்துக்கு யார் சாட்சி?

இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால விருதான பரம் வீர் சக்ராவை இதுவரை 21 பேர் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் 20 பேர் தரைப்படையினர். எஞ்சிய ஒருவர் விமானப்படையின் நிர்மல் ஜித் சிங் செகோன். 1971இல் ஸ்ரீநகர் வானில் தனியாகப் போரிட்டு உயிர்விட்டவர். கடற்படையிலிருந்து ஒருவர்கூட இல்லை. எல்லைக்கு அப்பாலும் இதே கதைதான். பாகிஸ்தானின் நிஷான்-இ-ஹைதர் விருதைப் பெற்றவர்கள் தரைப்படையினர். விதிவிலக்காக விமானப்படையின் ரஷீத் மின்ஹாஸ் மட்டும். கடற்படை அங்கேயும் வெறுங்கையோடுதான் நிற்கிறது. ஒன்றையொன்று எதிர்த்துப் போரிட்ட இரு நாடுகள் இந்த ஒரு விஷயத்தில் இவ்வளவு ஒத்துப்போவதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், இந்தியக் கடற்படைக்குப் போரிடும் வாய்ப்பே குறைவு என்பது. ஓரளவு உண்மைதான். 1947–48 காஷ்மீர்ப் போரும் 1962 சீனப் போரும் மலைகளில் நடந்தவை. 1961இல் கோவாவில் சிறு மோதல். 1965இல் பாகிஸ்தான் கப்பல்கள் துவாரகையின் மீது குண்டு வீசிவிட்டுத் திரும்பின, நம் கப்பற்படை பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஆனால் 1971 டிசம்பரில் பதின்மூன்றே நாளில் இந்தியக் கடற்படை கராச்சியை இருமுறை தாக்கியது, வங்காள விரிகுடாவை அடைத்தது, குக்ரி என்ற ஃபிரிகேட் கப்பலை 194 உயிர்களோடு இழந்தது. அந்தப் போருக்காக நான்கு பரம் வீர் சக்ராக்கள் வழங்கப்பட்டன. கடற்படைக்குக் கிடைத்தவை எட்டு மகா வீர் சக்ராக்கள், அதாவது இரண்டாம் படி. விருதின் விதிகளிலும் குறை சொல்ல முடியாது. நிலத்திலோ கடலிலோ வானிலோ எதிரியின் முன் காட்டப்படும் ஒப்பற்ற வீரத்துக்கு உரியது என்றுதான் அவை சொல்கின்றன. மூன்றுக்கும் சம இடம்.

விதியை விட்டுவிட்டு, வீரம் எப்படி அடையாளம் காணப்படுகிறது என்று பார்த்தால் சிக்கல் பிடிபடும். விருதுக்கான பாராட்டுரை ஒரு தனி மனிதனின் ஒரு செயலைச் சொல்ல வேண்டும். அதைக் கண்ட சாட்சி வேண்டும். எதிரியின் பதுங்குகுழியை நோக்கித் தவழ்ந்துபோய்க் கையெறி குண்டு போட்டவனைப் பின்னால் இருக்கும் பத்துப் பேர் பார்க்கிறார்கள். கப்பலில் அப்படி இல்லை. இருநூறு பேர் சேர்ந்துதான் ஒரு செயலைச் செய்கிறார்கள். எஞ்சின் அறையில் இருப்பவனுக்கு எதிரி கண்ணில் படுவதே இல்லை. அவன் ஓடிப்போக நினைத்தாலும் ஓட இடமில்லை. கேப்டன் முடிவெடுக்கிறார், மற்ற எல்லோரும் அந்த முடிவுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். கப்பல் மூழ்கினால் சாட்சிகளும் அதனோடு போய்விடுகிறார்கள்.

அந்த எட்டுப் பேரின் பட்டியலைப் பார்த்தாலே இது புலப்படும். குக்ரியின் கேப்டன் மகேந்திர நாத் முல்லா, விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ், ஏவுகணைப் படகுகளை நடத்திய கமாண்டர் பப்ரு பான் யாதவ், கில்டன் கப்பலின் கமாண்டர் கோபால் ராவ், சீ ஹாக் விமானப் பிரிவின் லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தா, ஆற்றுப் படகுகளை நடத்திய கமாண்டர் சமந்த், பன்வேல் படகின் லெப்டினன்ட் கமாண்டர் நொரோன்ஹா. ஏழு பேரும் எதையாவது தலைமையேற்று நடத்தியவர்கள். எட்டாமவர் சிமன் சிங் மட்டுமே மாலுமி. அவர் விருது பெற்றது கப்பலில் செய்த காரியத்துக்காக அல்ல, நீரில் குதித்த பிறகு செய்ததற்காக. அந்தக் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

கராச்சித் தாக்குதலை முதலில் எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 4ஆம் தேதி இன்றும் கடற்படை நாளாகக் கொண்டாடப்படுவது அதன் நினைவாகத்தான். சோவியத் ஒன்றியத்திடமிருந்து வாங்கிய எட்டு ஏவுகணைப் படகுகள் போருக்குச் சில மாதங்கள் முன்புதான் வந்திருந்தன. பம்பாயில் அவற்றைத் தூக்கி இறக்கும் அளவுக்குக் கிரேன் இல்லாததால் கல்கத்தாவில் இறக்கி, அங்கிருந்து இந்தியக் கரையைச் சுற்றி இழுத்துவந்தார்கள். துறைமுகக் காவலுக்காக வடிவமைக்கப்பட்ட படகுகள் அவை. வேகம் அதிகம், எரிபொருள் கொள்ளளவு குறைவு. அவற்றைக் கொண்டு எதிரியின் தலைமைத் துறைமுகத்தையே தாக்கலாம் என்று நினைத்ததுதான் துணிச்சல். நிபட், நிர்காட், வீர் என்ற மூன்று படகுகளும், துணைக்குக் கில்டன், கட்சால் என்ற இரு கப்பல்களும் புறப்பட்டன. பகலில் பாகிஸ்தான் விமானங்களின் வீச்சுக்கு வெளியே நின்று, இருட்டிய பின் பாய்ந்து, விடிவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம்.

அன்றிரவு கைபர் என்ற நாசகாரிக் கப்பலும் முஹாஃபிஸ் என்ற கண்ணிவாரிக் கப்பலும் மூழ்கின. வெடிமருந்து ஏற்றிவந்த வீனஸ் சாலஞ்சர் சரக்குக் கப்பலும் மூழ்கியது. ஷாஜஹான் என்ற மற்றொரு நாசகாரி சிதைந்தது. கியாமாரி எண்ணெய்க் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. இந்தியத் தரப்பில் ஒருவருக்கும் காயமில்லை. கைபரில் இருந்தவர்கள் தங்களைத் தாக்கியது விமானம் என்று எண்ணி அப்படியே கரைக்குச் செய்தி அனுப்பினார்கள். எது வந்து விழுந்தது என்று தெரியாமலேயே அந்தக் கப்பலில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பாகிஸ்தான் விமானம் ஒன்று, இந்திய ஏவுகணைப் படகு என்று நினைத்துத் தன் நாட்டின் சுல்ஃபிகர் கப்பலையே சுட்டது. கராச்சியில் அப்போது நிலவிய பதற்றத்துக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இங்கே வீரம் எங்கே இருந்தது? நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், ரேடார் திரையில் தெரியும் ஒரு புள்ளியை நோக்கிப் பொத்தானை அழுத்துவதைப் பழைய புலவர் யாரும் மறம் என்று பாடியிருக்க மாட்டார். எதிரியின் முகம் தெரியாது. சுட்டவனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ஆயினும் அன்றிரவு சென்றவர்கள் எடுத்த அபாயம் பொய்யில்லை. எதிரி விமானங்கள் ஒருமுறை கண்டுவிட்டிருந்தால், மெல்லிய தகடு வேய்ந்த அந்தப் படகுகள் சில நிமிடம்கூடத் தாங்கியிருக்காது. ஆக இது சுடும்போது வேண்டிய தைரியம் அல்ல, நெருங்கும்போது வேண்டிய தைரியம். பல மணி நேரம், ஒன்றும் நடக்காத கடலில், எந்த நொடியும் எதுவும் நடக்கலாம் என்ற நினைப்போடு முன்னேறுவது. இதைப் பாராட்டுரையில் எழுதுவது கடினம். அதனால்தான் கடற்படைப் பாராட்டுரைகள் பெரும்பாலும் விளைவைச் சொல்லி வீரத்தை ஊகித்துக்கொள்ள விடுகின்றன: இத்தனை கப்பல் மூழ்கியது, ஆகவே இவர் வீரர்.

ஒரே இரவுக்கு இரண்டு மகா வீர் சக்ராக்கள் தரப்பட்டன. நிபட்டில் இருந்த யாதவுக்கு ஒன்று. கில்டனிலிருந்து அந்தச் சிறு அணியின் மூத்த அதிகாரியாகச் செயல்பட்ட காசர்கோடு பட்டணஷெட்டி கோபால் ராவுக்கு மற்றொன்று. மூன்று படகுகளின் தலைவர்களும் மூன்றாம் படியான வீர் சக்ரா பெற்றார்கள். கோபால் ராவ் மதுரையில் பிறந்தவர். 2021 ஆகஸ்டில் சென்னையில் காலமானார். தமிழகத்தில் அவர் பெயரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கேள்வி. நாம் கொண்டாடும் கடல்வீரர்கள் ராஜேந்திர சோழனோடு நின்றுவிடுகிறார்கள்.

கிழக்கே நடந்ததில் இதைவிட நுட்பமான சிக்கல் இருக்கிறது. கிழக்குப் பிராந்தியக் கடற்படைத் தலைவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் இளம் அதிகாரியாகவே டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ் பதக்கம் பெற்றவர். அவரிடம் இருந்த பெரிய ஆயுதம் விக்ராந்த். அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. அதை மூழ்கடிக்கவே காஸி என்ற நீர்மூழ்கியைப் பாகிஸ்தான் நவம்பர் நடுவில் அனுப்பியது. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமானில் ஒளித்துவைத்தார். ராஜ்புத் என்ற பழைய நாசகாரியை விசாகப்பட்டினத்துக்கு அப்பால் நிறுத்தி, விமானந்தாங்கிக் கப்பல் பேசுவதுபோல் வானொலிச் செய்திகளை அனுப்பச் செய்தார். பெரிய கப்பல் வரப்போகிறது என்று ஊர் நம்பட்டும் என்று விசாகப்பட்டினத்துக் கான்ட்ராக்டர்களிடம் ஏராளமாக இறைச்சியும் காய்கறியும் கேட்டுவைத்தார். ஒற்றன் காதுக்கு அது எட்டும் என்பது கணக்கு. காஸி வந்தது. டிசம்பர் 3 நள்ளிரவையொட்டித் துறைமுக வாயிலுக்கு அருகே, உள்ளிருந்த அத்தனை பேரோடும் மூழ்கியது.

அன்றிரவு ராஜ்புத்திலிருந்து ஆழ்கடல் வெடிகளைப் போட்ட லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங்குக்கு வீர் சக்ரா கிடைத்தது. காஸியை மூழ்கடித்தது அந்த வெடிகளா, அல்லது அது தானே விதைத்த கண்ணிகளா என்று இரு நாடுகளும் இன்றுவரை வேறு வேறு பதில் சொல்கின்றன. என்னைக் கேட்டால், இந்தர் சிங்கின் விருதுக்கு அந்த விவாதம் பொருட்டே அல்ல. ஒரு நீர்மூழ்கி தேடிவரும் பெரிய இரையாக வேடம் போட்டுக்கொண்டு ஒரு கிழட்டுக் கப்பலில் கடலுக்குப் போவதற்கு என்ன வேண்டுமோ, அது அவரிடம் இருந்தது. காஸி எதனால் மூழ்கியிருந்தாலும் அது மாறாது. வீரத்தை விளைவால் அளக்கும் பழக்கம் எவ்வளவு வலுவற்றது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. திட்டம் போட்ட கிருஷ்ணனுக்குப் பத்ம பூஷண் கொடுத்தார்கள். சரிதான், தந்திரத்துக்கும் தைரியத்துக்கும் ஒரே பதக்கம் கூடாது. ஆனால் விக்ராந்தின் விரிசல் விட்ட கொதிகலனை இரும்புப் பட்டைகளால் இறுக்கிக்கட்டி, அது வெடிக்கக்கூடும் என்று தெரிந்தே பக்கத்தில் நின்று ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். கேப்டனுக்கும் விமானப் பிரிவின் தலைவருக்கும் மகா வீர் சக்ரா. கொதிகலன் அறை அந்த வரிசையில் இல்லை.

குக்ரிக்கு வருகிறேன். இந்தக் கேள்வியின் அத்தனை முடிச்சுகளும் அந்த ஒரு கப்பலில் இருக்கின்றன.

பிரிட்டனில் கட்டப்பட்ட சிறிய நீர்மூழ்கி எதிர்ப்பு ஃபிரிகேட் அது. டிசம்பர் தொடக்கத்தில் டியூவுக்குத் தென்மேற்கே ஒரு நீர்மூழ்கியின் வானொலிச் சைகை பிடிபட்டது. தேடி அழிக்கக் குக்ரியும் கிர்பானும் அனுப்பப்பட்டன. அதே பிரிவின் மூன்றாவது கப்பலான குட்டார் எஞ்சின் பழுதால் வர முடியவில்லை. எதிரே இருந்தது ஹாங்கோர், பிரான்ஸ் நாட்டுத் தயாரிப்பான புதிய டாஃப்னே வகை நீர்மூழ்கி. அதன் காது இவற்றின் காதைவிடப் பல மடங்கு கூர்மை. வெயில் காயும் அரபிக் கடலில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் வெப்பம் வேறுபடுவதால் கப்பலிலிருந்து அனுப்பும் ஒலியலை வளைந்துபோய்விடும். நீர்மூழ்கி அந்த மறைவில் தங்கிவிடலாம். வேட்டைக்குப் போனவனைவிட வேட்டையாடப்படவேண்டியது நன்றாகப் பார்த்தது.

சோனாரின் வீச்சைக் கூட்ட ஓர் இளம் அதிகாரி உருவாக்கிய கருவி அப்போது குக்ரியில் சோதனையில் இருந்தது. அது நன்றாக வேலைசெய்யக் கப்பல் மெதுவாகப் போக வேண்டும். நீர்மூழ்கி இருக்கும் இடத்தில் கப்பல்கள் வேகமாகவும் வளைந்து வளைந்தும் போவதுதான் பாடநூல் விதி. குக்ரி மெதுவாக, ஏறத்தாழ நேராகப் போனது. டிசம்பர் 9ஆம் தேதி இரவு ஹாங்கோர் முதலில் கிர்பானை நோக்கி டார்பிடோ விட்டது, அது தவறியது. இரண்டாவது குக்ரியைத் தாக்கியது. கப்பல் சில நிமிடங்களிலேயே மூழ்கிப்போனது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கிர்பான் எதிர்த்தாக்குதல் செய்துவிட்டு அந்த இடத்தைவிட்டு விலகியது. மறுநாள் கட்சால் கப்பல் வந்து 67 பேரை நீரிலிருந்து எடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பல் குக்ரி.

முல்லாவின் கடைசி நிமிடங்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது பிழைத்தவர்கள் சொன்னது. கப்பலைக் கைவிடும் உத்தரவைக் கொடுத்தார். தன் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமிக்குக் கொடுத்தார். முடிந்தவரை ஆட்களை வெளியே தள்ளினார். பிரிட்ஜில் கேப்டனுக்குரிய நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கக் கப்பல் சாய்ந்ததைக் கண்டதாகச் சொன்னவர்கள் உண்டு. மேஜர் ஜெனரல் இயன் கார்டோசோ பிழைத்தவர்களின் நினைவுகளைத் தொகுத்து 2006இல் நூலாக வெளியிட்டார். இன்று முல்லா என்றதும் நினைவுக்கு வரும் பிம்பம் பெரும்பாலும் அந்தச் சாட்சியங்களிலிருந்து வந்ததே. மகா வீர் சக்ரா மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது. டியூவில் நினைவிடம் இருக்கிறது. குக்ரி என்ற பெயரைச் சுமந்த அடுத்த கப்பலும் 2021 இறுதியில் ஓய்வுபெற்று, காட்சிப்பொருளாக அங்கேயே போய்ச் சேர்ந்தது.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பிரித்துப் பார்க்க யாரும் விரும்புவதில்லை. மெதுவாகப் போனது சரியா என்பது ஒன்று. மூழ்கும்போது முல்லா நடந்துகொண்ட விதம் வீரமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு, போர்த்தந்திரம் தெரிந்தவர்கள் பலரும் அது ஆபத்தான முடிவு என்றே சொல்கிறார்கள். பலமற்ற கருவியைக் கையில் கொடுத்து அனுப்பிய தலைமையகத்துக்கும் அதில் பங்குண்டு. இரண்டாவது கேள்விக்கு என் பதிலில் தயக்கமில்லை: அது வீரம்தான். முதல் கேள்வியை எழுப்பினால் இரண்டாவதை இழிவுபடுத்துவதாகச் சிலர் கோபிக்கிறார்கள். இரண்டாவதைப் போற்றினால் முதலாவதை மூடி மறைப்பதாகச் சிலர் சந்தேகிக்கிறார்கள். ஒரே மனிதர் மாலையில் தவறான முடிவெடுத்து, இரவில் மாசற்றவராக நடந்துகொள்ள முடியும். பதக்கம் இரவுக்குத்தான் கொடுக்கப்பட்டது.

கப்பலோடு கேப்டன் மூழ்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கடைசியாக இறங்கவேண்டும் என்பதுதான் மரபு. 1941 டிசம்பர் 10ஆம் தேதி மலாயாவின் குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரும் பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்தன. அட்மிரல் பிலிப்ஸும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் கேப்டன் லீச்சும் இறந்தார்கள். ரிப்பல்ஸின் கேப்டன் டென்னன்ட் காப்பாற்றப்பட்டார். பின்னர் அட்மிரலாகி, 1944இல் நார்மண்டி கரையில் செயற்கைத் துறைமுகங்களை அமைக்கும் பெரும் பொறுப்பை ஏற்றார். அவர் உயிரோடு வந்ததைக் குற்றமாக யாரும் சொல்லவில்லை. உயிரைக் கொடுத்தவரைப் போற்றும்போது, கொடுக்காதவரைக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். நம் ஊரில் நடுகல் மரபு செத்தவனுக்கு மட்டுமே கல் நட்டது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பரம் வீர் சக்ராவிலும் 21இல் 14 மறைவுக்குப் பின் கொடுக்கப்பட்டவையே.

ஹாங்கோரின் பக்கமும் பார்க்க வேண்டும். அதன் தலைவர் கமாண்டர் அகமது தஸ்னீம் சிதாரா-இ-ஜுர்ரத் விருது பெற்றார். நாட்கணக்கில் தன்னைத் துரத்திய இந்தியக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் தப்பி அந்த நீர்மூழ்கி கராச்சி சேர்ந்தது. அதைத் தேடும் வேலையில் கராச்சி மீதான மூன்றாவது ஏவுகணைத் தாக்குதலே கைவிடப்பட்டது. இன்று அது கராச்சியின் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஒரே இரவு, ஒரே டார்பிடோ. இரு நாடுகளிலும் பதக்கம்.

எதிரியே சாட்சியாக வந்த வினோதமும் கடற்போரில் உண்டு. 1940 ஏப்ரல் 8ஆம் தேதி நார்வேக்கு அப்பால் குளோவர்ம் என்ற சிறு பிரிட்டிஷ் நாசகாரி, தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஜெர்மன் கப்பலான அட்மிரல் ஹிப்பருடன் மோதியது. உண்மையிலேயே மோதியது, தப்ப வழியில்லை என்றதும் கேப்டன் ஜெரார்ட் ரூப் தன் கப்பலை ஹிப்பரின் பக்கவாட்டில் கொண்டுபோய் இடித்தார். குளோவர்ம் மூழ்கியது. ஹிப்பர் நின்று பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டது. ரூப் கயிற்றைப் பிடிக்க முடியாமல் சோர்ந்து விழுந்து இறந்தார். நடந்தது என்ன என்று பிரிட்டனுக்கு அப்போது சரிவரத் தெரியாது. ஹிப்பரின் கேப்டன் ஹெல்முட் ஹேய செஞ்சிலுவைச் சங்கம் வழியாக ரூப்பின் துணிச்சலைப் பாராட்டி எழுதினார் என்பது பதிவு. சிறைப்பட்டிருந்தவர்கள் திரும்பிய பிறகு, 1945இல்தான் ரூப்புக்குப் பிரிட்டனின் உச்ச விருதான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. சாட்சிகள் எதிரியின் கையில் இருந்தால் வீரம் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நேர்மாறான கதை ஃபிரெடரிக் ஜான் வாக்கருடையது. அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகளை வேட்டையாடியவர்களில் அவருக்கு இணை இல்லை. 1944இன் தொடக்கத்தில் ஒரே பயணத்தில் அவருடைய கப்பற்குழு ஆறு நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது. டி.எஸ்.ஓ. பதக்கத்தை நான்கு முறை பெற்றார். விக்டோரியா கிராஸ் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் பக்கவாதத்தால் இறந்தார். ஓய்வற்ற உழைப்பே காரணம் என்றார்கள். மூன்று வருடம் தூங்காமல் பொறுமையாகக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பது ஒரு செயல் அல்ல, ஒரு வாழ்க்கை. அதற்குப் பாராட்டுரை எழுத வராது. குக்ரியை அனுப்பியதும் இதே வகை வேலைக்குத்தான்.

வங்கத்து ஆறுகளில் நடந்தது இந்த எல்லா வகைகளுக்கும் அப்பாற்பட்டது. 1971 மார்ச் இறுதியில் பிரான்ஸின் துலோன் துறைமுகத்தில் மாங்ரோ என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கியிலிருந்து வங்காள மாலுமிகள் சிலர் தப்பினார்கள். எட்டுப் பேர் ஸ்பெயின் வழியாக இந்தியா வந்து சேர்ந்தார்கள். அவர்களை வைத்து, பிளாசிக்கருகே பாகீரதிக் கரையில், வங்காள இளைஞர்களுக்கு நீருக்கடியில் போய்க் கப்பல்களில் காந்தக் கண்ணிகளை ஒட்டும் பயிற்சி கொடுக்கப்பட்டது. பின்னணியில் இருந்தவர் கமாண்டர் சமந்த். கல்கத்தா வானொலியில் குறிப்பிட்ட பாட்டு ஒலித்தால் தயாராக வேண்டும், இன்னொரு பாட்டு ஒலித்தால் நீரில் இறங்க வேண்டும். ஆகஸ்ட் 15 இரவு சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் துறைகளில் கப்பல்கள் அடுத்தடுத்து வெடித்தன. இந்த வேலை பல பத்தாண்டுகள் வெளியில் பேசப்படவே இல்லை. சமந்த் இணைந்து எழுதிய நூல் 2019இல் வெளிவந்தது. அந்த ஆண்டுதான் அவர் இறந்தார். இரகசியம் காக்க வேண்டிய வீரம், பதக்கப் பாராட்டுரையில் பாதி வாக்கியமாகவே இருக்க முடியும்.

டிசம்பரில் சமந்த், பத்மா, பலாஷ் என்ற இரண்டு படகுகளோடும் பன்வேலோடும் மோங்லா, குல்னா நோக்கி ஆற்றில் ஏறினார். பத்மாவும் பலாஷும் கல்கத்தாத் துறைமுகத்தின் படகுகள்; மேலே பீரங்கி பொருத்தி வங்க விடுதலைப் படையான முக்தி வாகினிக்குக் கொடுக்கப்பட்டவை. டிசம்பர் 10ஆம் தேதி குல்னாவுக்கு அருகே இந்திய விமானப்படையின் நாட் விமானங்கள் அவற்றை எதிரிப் படகுகள் என்று தவறாக எண்ணித் தாக்கின. இரண்டு படகுகளும் எரிந்து மூழ்கின. நீரில் குதித்தவர்களைக் கரையிலிருந்து பாகிஸ்தான் படையினரும் அவர்களுடைய துணைப்படையான ரஸாக்கர்களும் சுட்டார்கள். சிமன் சிங் உடலில் குண்டுச் சிதறல்களோடு நீந்திக் கரையேறி, கூட இருந்தவர்கள் தப்பட்டும் என்று எதிரியின் துப்பாக்கிகளைத் தன் பக்கம் திருப்பினார், பிடிபட்டார், விடுதலைக்குப் பின் மீட்கப்பட்டார். அவருக்கு மகா வீர் சக்ரா. ஒரு காலாள் வீரனின் செயலைப் போலவே இருந்தது அவர் செய்தது. சாட்சி இருந்தது, ஒற்றைச் செயல் இருந்தது, எதிரி கண்ணெதிரே இருந்தான். மாலுமி ஒருவர் பட்டியலுக்குள் வர முடிந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பலாஷின் எஞ்சின் அறையில் முகமது ருஹுல் அமீன் இருந்தார். எஞ்சின் அறைத் தொழில்நுட்பர். கப்பலைக் கைவிடச் சொன்ன பிறகும் எஞ்சினைக் காப்பாற்ற முயன்றவர். காயத்தோடு கரை சேர்ந்ததும் ரஸாக்கர்கள் கொன்றார்கள். வங்கதேசம் தன் மிக உயர்ந்த விருதான பீர் ஸ்ரேஷ்டோவை ஏழு பேருக்கு மட்டுமே கொடுத்தது. அந்த ஏழில் ஒருவர் அவர். இந்தியாவும் பாகிஸ்தானும் இத்தனை ஆண்டில் தங்கள் உச்ச விருதை ஒரு கடற்படையினருக்கும் தரவில்லை. புதிதாய்ப் பிறந்த நாடு எடுத்த எடுப்பில் கொடுத்தது. அதுவும் அட்மிரலுக்கோ கேப்டனுக்கோ அல்ல, எண்ணெய் படிந்த கையுள்ள ஒருவருக்கு. அவரைக் கொன்ற நிகழ்வின் தொடக்கம் நட்பு நாட்டின் விமானம் என்பதும் அவர்கள் கையை நிறுத்தவில்லை. அந்த ஏழில் இன்னொருவரான மத்தியுர் ரகுமான் இறந்த அதே விமானத்தில் அதே நொடியில் இறந்தவர்தான் முன்பு சொன்ன ரஷீத் மின்ஹாஸ். ஒருவர் விமானத்தை இந்தியாவுக்குக் கடத்த முயன்றார், மற்றவர் தடுத்தார். இருவருக்கும் அவரவர் நாட்டின் உச்ச விருது. பதக்கம் என்பது அரசின் கண்.

அந்தக் கண்ணின் பார்வையை மறுக்கும் உரிமை மற்றவர்களுக்கும் உண்டு. இந்திய அமைதிப் படை இலங்கையில் இருந்தபோது, 1987இல் யாழ்ப்பாணம் குருநகர்த் துறையில் நடத்திய தாக்குதலுக்காக இந்தியக் கடற்படைக் கமாண்டோ பிரிவின் லெப்டினன்ட் அரவிந்த் சிங் மகா வீர் சக்ரா பெற்றார். அந்த இளைஞரின் துணிவைச் சந்தேகிக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் அந்தப் பாராட்டுரையைச் சென்னையில் ஒருவர் வாசிப்பதும் குருநகரில் ஒருவர் வாசிப்பதும் ஒன்றாக இருக்காது. கைபரில் இறந்தவர்களின் வீட்டில் டிசம்பர் 4 எப்படி இருக்குமோ, அப்படி.

கப்பல் முழுவதையும் போற்ற வழி தேடிய நாடுகளும் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் பர்மா ஆயில் கிடங்குகளை எரித்த எம்டனை நம் பாட்டன்மார் மறக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை முடித்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் சிறைப்பட்டார். ஜெர்மனி அவருக்குப் பதக்கம் கொடுத்ததோடு நிற்கவில்லை. கப்பலுக்கே இரும்புச் சிலுவையைக் கொடுத்தது. பின்னாளில் எம்டனின் ஆட்கள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ளவும், அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் அனுமதி வழங்கப்பட்டது. சமையற்காரனும் கேப்டனும் ஒரே பின்னொட்டைச் சுமந்தார்கள்.

பிரிட்டன் வேறு வழி கண்டது. விக்டோரியா கிராஸ் விதிகளில், ஒரு குழு முழுவதுமே சமமான வீரத்தோடு நடந்தது என்றால், அவர்களே தங்களுக்குள் வாக்களித்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதிகாரிகள் ஓர் அதிகாரியை, மாலுமிகள் ஒரு மாலுமியை. 1917 ஜூனில் வணிகக் கப்பல் வேடமிட்ட பார்கஸ்ட், டார்பிடோவால் அடிபட்டும் கலையாமல் காத்திருந்து நீர்மூழ்கியை அருகில் வரவைத்துச் சுட்டது. ஒருவராவது நிலைகுலைந்திருந்தால் வேடம் கலைந்திருக்கும். அங்கே வாக்கெடுப்பில் ஒரு லெப்டினன்ட்டும் ஒரு மாலுமியும் தேர்வானார்கள். 1918 ஏப்ரலில் ஸேப்ரூக் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகும் அப்படியே. அதற்குப் பின் அந்தப் பிரிவு பயன்படுத்தப்படவில்லை.

1950இல் நம் விருதுகளை வகுத்தபோது விக்டோரியா கிராஸிலிருந்து எடுத்துக்கொண்டவை பல. இந்தப் பிரிவு அவற்றில் இல்லை. முல்லாவின் விருதைப் பின்தேதியிட்டு உயர்த்தவேண்டும் என்ற குரலைவிட, இந்த விடுபட்ட பிரிவைச் சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கையே எனக்கு நியாயமாகப் படுகிறது. கேப்டனின் மேல் உள்ள பாசம் வாக்கைச் சாய்க்கும் என்று ஆட்சேபம் வரலாம். மாலுமிகள் மாலுமிக்கும் அதிகாரிகள் அதிகாரிக்கும் வாக்களிப்பதால் அது பாதி அடைபட்டுப்போகிறது. கில்டனிலும் நிர்காட்டிலும் விக்ராந்தின் கொதிகலன் அறையிலும் அன்று வேலை செய்தவர்கள், பக்கத்தில் நின்றவன் எப்படி நடந்துகொண்டான் என்பதை டெல்லியில் கோப்பு பார்த்தவர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்.